பூஜை நாளில் தொட்ட கை

கோபம் வந்தால் எனக்குக் காது மடல் சூடாகும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே இரண்டு காதும் கொதித்துக்கொண்டிருந்தன.

காரணம் என் மேசையில் கிடந்த ஒரு தாள். 'கோளாறு அறிக்கை' என்று தலைப்பு. காரணம் என்ற இடத்தில், 'பேக்கேஜிங்கில் ஜெசிந்தா செய்த தவறு' என்று கூசாமல் டைப் அடித்திருந்தார் எங்கள் பொறுப்பாளர் கலைவாணன். நான்கு மணிக்குள் நான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை என்னுடையது. அடுத்த மாதம் அதற்குத் தவணை. இந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் மூன்று வருஷ வேலை அத்தோடு சரி.

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஏழு பேர் வேலை செய்கிற அலுவலகம் எங்களுடையது. கருங்குழியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறேன். மற்றவர்கள் ஜாவாவில் எழுதுகிற இணையச் செயலியை ஒரே பொட்டலமாகக் கட்டி சர்வரில் ஏற்றுவது என் வேலை. வெளியூர்க் கல்யாணத்துக்குச் சமைக்கப் போகிறவர் கரண்டி முதல் உப்பு வரை மூட்டை கட்டிக்கொண்டு போவதில்லையா, அதுதான் இதுவும். செயலிக்குத் தேவையான துணைக் கோப்புகள் எல்லாம் பொட்டலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 'அங்கே போனால் கிடைக்கும்' என்று ஒன்றை விட்டுவிட்டுப் போனால், அங்கே அது இல்லாதபோது முழிக்க வேண்டியதுதான்.

இப்போது முழித்துக்கொண்டிருந்தது, சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தின் படகுச் சங்கத்துக்காக நாங்கள் செய்துகொடுத்த செயலி. எந்தப் படகில் யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்று பெயரும் படமுமாக அதில் பதிவார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் யாரெல்லாம் கடலில் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிடத்தில் பட்டியல் எடுக்கலாம். அதற்குமுன் ஒவ்வொரு வீடாக ஓடி ஆள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு அதை மாற்றினோம். திங்கள் காலையிலிருந்து பட்டியல் அச்சாகவில்லை. படமும் ஏறவில்லை.

"எம்மா ஜெசி, என் லேப்டாப்ல ஓடுது, பழைய சர்வர்ல ஓடுது. நீ கட்டி ஏத்துனதுதான் ஓட மாட்டேங்குது. அப்ப தப்பு எங்க கீது?" என்றார் கலைவாணன், எல்லோர் எதிரிலும்.

"அதத்தான் சார் பாத்துட்டு இருக்கேன். படம் வெக்கிற ஃபோல்டர் ரூட் பேர்ல இருக்கு. செயலிக்கு அதுல எழுத உரிமை இல்ல."

"உரிமை கிரிமைன்னுகினு. எல்லாத்துக்கும் 777 போட்டுவுட்டுட்டுப் போயேன்!"

ரூட் என்பது சர்வரில் எதையும் செய்யக்கூடிய தலைமைக் கணக்கு. 777 என்றால் அந்தச் சர்வரில் நுழைகிற யாரும் எதையும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். எங்கள் அலுவலகத்தில் எந்த நோவுக்கும் முதல் மருந்து அதுதான். அதே சர்வரில் இன்னும் இரண்டு கம்பெனிகளின் செயலிகள் ஓடுகின்றன. கடலுக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியலைத் திறந்த வீடாகப் போட்டு வைக்கச் சொல்கிறார் இந்த மனிதர்.

"போட மாட்டேன் சார்" என்றேன்.

"அப்ப தாள்ல கையெழுத்து போடு" என்று சொல்லிவிட்டு நாஸ்தா சாப்பிடப் போய்விட்டார்.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் பழைய சர்வருக்குள் நுழைந்தேன். ஒரே பொட்டலம் அங்கே ஓடி இங்கே ஓடவில்லை என்றால், அங்கே பொட்டலத்துக்கு வெளியே ஏதோ ஒன்று இருக்க வேண்டும். இரண்டு சர்வர்களின் கோப்புகளையும் அடுத்தடுத்து வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன்.

பன்னிரண்டரை மணிக்கு அது அகப்பட்டது. அச்சுக்கான துணைக் கோப்பு பழைய சர்வரில், செயலியை ஓட்டுகிற டாம்கேட் மென்பொருளின் சொந்த லிப் ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருந்தது. எங்கள் பொட்டலத்தில் வர வேண்டியதை யாரோ கையால் கொண்டுபோய் அங்கே போட்டிருக்கிறார்கள். போட்டுவிட்டு, 'இது சர்வரிலேயே இருக்கும், பொட்டலத்தில் கட்ட வேண்டாம்' என்று செயலியின் குறிப்பில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்கள். நான் அந்தக் குறிப்பை நம்பித்தான் இரண்டு வருஷமாகக் கட்டியிருக்கிறேன்.

யார் போட்டது? கோப்பின் உரிமையாளர் ரூட். ரூட்டின் கடவுச்சொல் ஏழு பேருக்கும் தெரியும். குறிப்பைத் திருத்தியதும் அலுவலகத்தின் பொதுக் கணக்கிலிருந்து. பெயரே கிடையாது. சலித்துப்போய் நாற்காலியில் சாய்ந்தேன். அப்புறம்தான் தேதி கண்ணில் பட்டது. படங்கள் வைக்கிற ஃபோல்டரும் ரூட் பெயருக்கு மாறியது அதே தேதியில்தான். பழைய சர்வரில் செயலியே ரூட் பெயரில் ஓடியதால் அங்கே அது தெரியவில்லை.

அக்டோபர் 23, 2023. காலை 11.42.

அந்த நாளை நான் மறக்க முடியுமா? ஆயுத பூஜை. எல்லா லேப்டாப்பையும் அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் வைத்து, பொரி கடலை கொடுத்தார்கள். அவசரமாக ஒரு மெயில் அனுப்ப நான் என் லேப்டாப்பைத் திறந்தேன். கலைவாணன் எல்லோர் எதிரிலும் அதைப் படாரென்று மூடினார். "பூஜை அன்னிக்கு மிஷினைத் தொடக்கூடாது. உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது?" என்றார். உங்க ஆளுங்களுக்கு. அந்தச் சொல் இன்னும் என் காதில்தான் கிடக்கிறது. பத்தரை மணிக்கெல்லாம் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சர்வர் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியிலிருந்து சர்வருக்குள் வர அப்போது வழியில்லை. அந்த அறைக்குள் உட்கார்ந்தால்தான் உண்டு.

நான்கு மணிக்குச் சங்கத்தின் சார்பில் ஆதியம்மாள் வந்தார். மீன் ஏலம் எடுத்து விற்கிறவர், குப்பத்தில் படகுப் பதிவைப் பார்த்துக்கொள்கிறவரும் அவர்தான். அறிக்கையில் சங்கத்தின் கையெழுத்தும் வேண்டும் என்பதால் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் நாற்பது பக்க நோட்டு.

"இன்னா நைனா, ரெண்டு நாளா எல்லா பேரையும் நோட்டுலதான் எழுதிகினு கீறேன். காத்து மாறுதுன்றாங்க. இது எப்பதான் சரியாவும்?"

"சரியாயிடும்மா. இந்தப் பொண்ணு கட்டுனதுல தப்பு வுட்டுடுச்சி. கையெழுத்து போடப்போவுது" என்றார் கலைவாணன்.

நான் சுவரில் இருந்த பெரிய திரையில் பழைய சர்வரைத் திறந்தேன். கோப்பு எங்கே இருந்தது, எங்கே இருந்திருக்க வேண்டும் என்று ஆதியம்மாளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ரூட்டுன்னா யார் வேணா போட்டிருக்கலாம். நீயே போட்டிருக்கலாம்" என்றார் கலைவாணன்.

"தேதியைப் பாருங்க சார். அன்னிக்கு ஆயுத பூஜை. பத்தரைக்கு எங்களையெல்லாம் அனுப்பிட்டீங்க. சாவி யார் பையில இருந்துச்சி?"

கலைவாணனின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"மறுநா டெமோ இருந்துச்சி... பிரிண்ட் வரல... அவசரத்துக்கு..." என்று இழுத்தார்.

ஆதியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு எங்க குப்பத்துல ஒரு போட்டு கூட எறங்கல. எஞ்சினுக்கு சந்தனம் வெச்சிட்டு ஆம்பளைங்க எல்லாம் கரையிலயே குந்திகினு இருந்தாங்க. பொழப்பு போனாலும் தொடல. நீ மட்டும் இன்னாத்துக்கு நைனா தொட்டே? தொட்டதுதான் தொட்டே, பழிய தூக்கி இந்தப் பொண்ணு மேல போடுறியே?"

"சரிம்மா, சரி. பேர் எதுவும் வேணாம். மனிதத் தவறுன்னு போட்டுக்கலாம்" என்றார் அவர்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு நிஜமாகவே பற்றிக்கொண்டு வந்தது. தப்பு என்னுடையது என்றால் ஜெசிந்தா. அவருடையது என்றால் மட்டும் பெயரில்லாத ஏதோ ஒரு மனிதர். அந்தத் தாளை நான்காகக் கிழித்தேன். புதிய தாளில் கோப்பின் பெயர், இருந்த இடம், தேதி, நேரம் எல்லாம் எழுதி, 'அப்போது சர்வர் அறைச் சாவி வைத்திருந்தவர்: கலைவாணன்' என்று முடித்து ஆதியம்மாளிடம் நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி முழுதும் படித்தார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு கலைவாணனும் போட வேண்டியதாயிற்று.

அன்று மாலையே துணைக் கோப்பைப் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டினேன். ஃபோல்டரைச் செயலியின் பெயருக்கு மாற்றி, மற்றவர்கள் தொட முடியாதபடி உரிமையைக் குறைத்தேன். எதுவுமே இல்லாத ஒரு வெற்று சர்வரில் ஏற்றிப் பார்த்தேன். ஓடியது. ஆதியம்மாள் தன் நோட்டிலிருந்த பெயர்களைப் பஸ்ஸில் போகும்போதே போனில் ஏற்றினார். திரையில் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

என் வேலை புதுப்பிக்கப்பட்டது. கலைவாணன் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. இந்த வருஷம் அக்டோபர் முதல் தேதி ஆயுத பூஜை. மன்னிப்புக்குப் பதில், அதற்கு முந்தின நாள் மாலை என் மேசைக்கு வந்தார்.

"ஜெசி, நாளைக்கு நாங்க யாரும் மிஷினைத் தொட மாட்டோம். உங்க ஆளுங்களுக்குத்தான் அதெல்லாம் இல்லியே. நீ வந்து சர்வரைப் பாத்துக்கோ."

காது மடல் இரண்டும் ஒரே நொடியில் சூடேறின.

"தொடக்கூடாதுன்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதான் சார். நானும் தொட மாட்டேன்."

"ஏதாச்சும் படுத்துகிச்சின்னா?"

"படுக்காது. இந்தத் தடவ எல்லாத்தையும் உள்ளயே வெச்சிக் கட்டியிருக்கேன்."

என் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு போய், அம்மன் படத்துக்கு முன்னால் இருந்த அடுக்கின் உச்சியில் வைத்தேன்.

"இதுக்கும் சந்தனம் வெச்சிடுங்க சார். சர்வர் ரூம் சாவியையும் பக்கத்துலயே வெச்சிடுங்க. எல்லாரும் பாக்குற மாதிரி."