வாசிக்காத சீட்டு

"அவ பேச்சே இனிமே இந்த வீட்டுல வரக்கூடாது."

"வீட்டுல வர வேண்டாங்க. சபையில ஜெபத்துக்கு வெச்சா என்ன?"

"சபையிலயா? செயலாளர் வீட்டுச் சங்கதிய எல்லாரும் வாயில போட்டு மெல்லட்டும்கிறியா? அவ வீட்டுப் படி ஏறினா, நீயும் அங்கயே இருந்துக்க."

தையல்காரிக்கும் சபைச் செயலாளரான அவள் கணவருக்கும் மூன்று வருஷத்துக்கு முன் நடந்த பேச்சு அது. மனைவியை இழந்த லாரி டிரைவர் ஒருவனை, அப்பா சொல் மீறிக் கட்டிக்கொண்டாள் மகள். குடியிருந்தது நாலு பஸ் நிறுத்தம் தள்ளித்தான். தையல்காரிக்கு அது நாலு கடல் தூரமாகிவிட்டது.

போன மாதம் மருமகன் தையல் கடைக்கு வந்து, தலை நிமிராமல் சொன்னான்: "அத்தை, அவளுக்கு அடுத்த மாசக் கடைசியில பிரசவத்துக்குத் தேதி குடுத்திருக்காங்க. எனக்கு லோடு வந்தா போயாகணும். கூட இருக்க ஆளில்ல."

அன்றைக்கே ஒரு சீட்டு எழுதி, ஆலய வாசலில் இருந்த ஜெபப் பெட்டிக்குள் போட்டாள். 'பிள்ளை பெறப்போகும் மகளுக்காக, ஒரு தாய்.' பெயர் எழுதவில்லை. ஆனால் அவசரத்தில் அளவு நோட்டிலிருந்து தாளைக் கிழித்திருந்தாள். பின்பக்கம் யாரோ ஒருத்தியின் தோள் அளவும் கை நீளமும் அப்படியே இருந்தன.

புதன்கிழமை மாலை பெட்டியைத் திறந்து சீட்டுகளை வாசிப்பது செயலாளரான அவள் கணவர்தான். ஒருவரின் முழங்கால் வலி, இன்னொருவரின் விசா, பாடகர் குழுத் தலைவர் வீட்டு நாயின் வயிற்றுக் கோளாறு வரை உருக்கமாக வாசித்தார். அவள் சீட்டு மட்டும் மறுநாள் துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில், நாலாக மடித்துக் கிடந்தது.

சனிக்கிழமைதோறும் அவள் ஒரு வீட்டுக்குப் போவாள். படுக்கையில் விழுந்துவிட்ட முன்னாள் ஆஸ்பத்திரி ஆயாவைத் துடைத்து, துணி மாற்றிவிட. சபை மாதர் சங்கத்தில் இதற்குப் பெயர் கொடுத்த பதினோரு பேரில் மிஞ்சியது அவள் ஒருத்திதான். அந்தப் படுக்கைப் புண்ணின் நாற்றம் மற்றவர்களின் பக்தியைக் கரைத்துவிட்டது. அவளுக்கோ வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் நெஞ்சு லேசாகும். இந்தச் சனிக்கிழமை, மகளின் தேதிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

"முதுகத் துடைக்கிறியா, மேசையத் துடைக்கிறியா? அழுத்தித் தேயேன்டி!"

"தோல் உரிஞ்சா யாரு பதில் சொல்றது, அக்கா?"

"உரியட்டும். புதுசா தச்சுக் குடு, தையல்காரிதானே நீ!" சிரித்து, இருமி, அடங்கினாள் ஆயா. "இன்னிக்கு மனசு எங்கடி இருக்கு?"

வெந்நீரில் துணியைப் பிழிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள், சட்டைப் பைச் சீட்டு வரைக்கும்.

"இருபது வருஷம் பிரசவ வார்டு கழுவினவ நான். வலி வந்தா எவளா இருந்தாலும் 'அம்மா'ன்னுதான் கத்துவா. 'செயலாளரே'ன்னு ஒருத்தி கத்தி நான் கேட்டதில்ல."

தையல்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆயா தன் ஈரக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அருவருப்புப் பாக்காம என்னைத் தொட்டவ நீ. உனக்கென்னடி பயம்?"

அடுத்த புதன்கிழமை. சீட்டுகளை வாசித்து முடித்த கணவர், ஃபைலை மூடிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார்: "வேற யாருக்காவது விண்ணப்பம் இருக்கா?"

யாரும் பதில் சொல்லி வழக்கமில்லாத கேள்வி. பாதிப் பேர் பையை எடுத்துத் தோளில் மாட்டியாயிற்று. பின்வரிசையில் அவள் எழுந்தாள். அவர் கண்ணாலேயே உட்காரச் சொன்னார். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். இன்று ராத்திரி தனக்குத் தன் வீட்டுக் கதவு திறக்குமோ திறக்காதோ, தெரியவில்லை.

"எனக்கு இருக்கு" என்றாள். "எங்க மகளுக்கு இந்த வாரம் பிரசவம். கூட யாருமில்ல. நான் போறேன். எங்க ரெண்டு பேருக்காகவும் ஜெபம் பண்ணுங்க."