மல்லாந்து கிடந்த கம்பளி

அவள் பல் கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு மெழுகில் பல் செதுக்குவாள். அவள் கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். நெரிசலான முச்சந்தியில் நீளப் பேருந்தை ஒரே ஒடிப்பில் திருப்பிவிடுவான். ஆனால் குளியலறை மூலையில் ஒரு குட்டிச் சிலந்தியைக் கண்டால் போதும், இடுப்புத் துண்டோடு கூடத்துக்கு ஓடிவந்துவிடுவான். அவன் இருக்கிற வீட்டுக்குத்தான் அவள் டரான்டுலா என்ற ராட்சதச் சிலந்தி ஒன்றைக் கொண்டுவந்தாள்.

“உள்ளங்கை அகலம் இருக்கு, உடம்பெல்லாம் முடி. ஆசைன்னா ஒரு கிளி வளக்கலாம், மீன் வளக்கலாம். இதைப் போயா?”

“ரொம்ப நாள் ஆசைங்க. அது பாட்டுக்கு ஒரு மூலைல இருக்கும்.”

சின்ன அறையில் வை, கதவை எப்போதும் சாத்து, நான் உள்ளே காலடி வைக்கமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். ஆனாலும் ‘கம்பளி’ என்று அதற்குப் பெயர் வைத்தவன் அவன்தான்.

அவளுக்கும் இது முதல் அனுபவம். உயரமான கண்ணாடித் தொட்டி ஒன்றை ஆசையாக எடுத்தபோது கடைக்காரப் பெண் தடுத்துவிட்டாள். “இது மரத்துல ஏறுற சாதி இல்லம்மா, மண்ணுல வளை தோண்டுறது. கண்ணாடில ஏறி வழுக்கி விழுந்தா வயிறு பிளந்துடும்.” அதனால் தாழ்வான, அகலமான பெட்டி. அதில் பாதிக்குமேல் தென்னைநார்த் தூள், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, தட்டையான கிண்ணத்தில் தண்ணீர். சூட்டு விளக்கு கூடாது. கையில் எடுத்துக் கொஞ்சவும் கூடாது. மிரண்டால் பின்னங்காலால் முதுகு முடியை உதறும், பட்ட இடமெல்லாம் அரிக்கும்.

“தடவ முடியாது, கூப்பிட்டா வராது. இது செல்லப்பிராணியா, இல்ல வாடகை குடுக்காத குடித்தனக்காரியா?” என்று அவன் கதவுக்கு வெளியே நின்று கேலி செய்வான்.

கொஞ்ச காலம் போனதும் கம்பளி சாப்பாட்டை நிறுத்தியது. உயிருள்ள சுவர்க்கோழிப் பூச்சியை உள்ளே விட்டால் ஏறெடுத்தும் பார்க்காது. வயிறு கறுத்து மினுமினுத்தது. தின்னாத பூச்சியை அவள் உடனே வெளியே எடுத்துவிடுவாள். ஒருநாள் மட்டும் தவறிவிட்டது. மேடையேற இருந்த பாடகர் ஒருவருக்கு அவசரமாக முன்பல் வேண்டியிருந்தது. அவள் விழுந்தடித்துக்கொண்டு பட்டறைக்கு ஓடிவிட்டாள்.

அவனுக்கு அன்று விடுமுறை. இஸ்திரிப் பெட்டி அந்தச் சின்ன அறையில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தவன், அடுத்த நொடி அவளுக்குப் போன் போட்டான்.

“பதறாத. உன் கம்பளி போயிடுச்சு.”

“போயிடுச்சா? எங்க? மூடி திறந்து கெடக்கா?”

“அந்தப் போறது இல்லம்மா. செத்துப்போச்சு. காலெல்லாம் மேல பாத்து மல்லாந்து கெடக்கு.”

அவள் போட்ட கூச்சலில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. “மல்லாந்தா கெடக்கு? சாகலைங்க, சட்டை உரிக்குது! செத்தா காலை அடியில சுருட்டிக்கிட்டுக் குப்புறக் கெடக்கும். தொடாதீங்க, திருப்பிப் போடாதீங்க!”

“நான் எதுக்குத் தொடப்போறேன்?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “உள்ள சுவர்க்கோழி இருக்கா பாருங்க.”

“இருக்கு. கம்பளி கால்கிட்டயே மீசைய ஆட்டிக்கிட்டு நிக்குது.”

“புதுத் தோல் வெண்ணெய் மாதிரி இருக்கும்ங்க. அது ஒரு கடி கடிச்சாலும் கம்பளி பிழைக்காது. நான் வர்றவரைக்கும் தாங்காது. நீங்கதான் எடுக்கணும்.”

“நானா?”

“பக்கத்துலயே நீள இடுக்கி இருக்கு. கம்பளியால இப்ப அசையக்கூட முடியாது.”

அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரியில் வைத்தான். பெருமூச்சு ஒன்று கேட்டது. பிறகு மூடி நகரும் ஓசை. பட்டறையில் எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். உளி, அரம் எல்லாம் ஓய்ந்துவிட்டன.

“ஐயோ! கம்பளி வயித்து மேலயே ஏறிடுச்சு!”

“கையை ஆட்டாதீங்க. அதுவா இறங்கட்டும்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். திடீரென்று போன் அலறியது. “பிடிச்சுட்டேன்! பிடிச்சுட்டேன்டி!”

பட்டறை கைதட்டியது. முதலாளி அவள் கையிலிருந்த மெழுகுப் பல்லை வாங்கிக்கொண்டார். “பாடகர் பல்லை நான் பாத்துக்கறேன். நீ ஓடு.”

அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது, அந்த அறைக்குள் காலே வைக்கமாட்டேன் என்றவன் பெட்டிக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். ‘உஸ்’ என்று உதட்டில் விரல் வைத்து, பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

பழைய தோல் பிளந்திருந்தது. இறுக்கமான கையுறையிலிருந்து விரலை உருவுவதுபோல் கம்பளி ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டிருந்தது. கொஞ்சம் இழுக்கும், ஓய்ந்து கிடக்கும், மறுபடி இழுக்கும். “அப்படித்தான், இன்னும் கொஞ்சம்” என்று அவன் முணுமுணுத்தான். கடைசிக் காலும் வெளியே வந்தபோது இருவரும் சேர்ந்தே மூச்சு விட்டார்கள்.

“பல்லைப் பாருங்க!” அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்ணாடியோரம் தெரிந்த கொடுக்குப் பற்கள் இரண்டும் பீங்கான்போல் வெள்ளை வெளேரென்று இருந்தன. “பழைய பல்லு சட்டையோட போச்சு. இது புதுசா வந்தது. நாங்க பட்டறைல மாஞ்சு மாஞ்சு செதுக்குறோம், இவ படுத்துக்கிட்டே ஒரு ஜோடி கட்டிட்டாளே!”

அந்தப் பற்கள் கறுத்து இறுகும்வரை இரை போடக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். அதன்பின் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவன் பெட்டியருகே குனிந்து பல்லின் நிறத்தைப் பார்த்தான். முதலில் செம்மை ஏறியது, பிறகு கருமை. ஒருநாள் மாலை சீருடையைக்கூடக் கழற்றாமல், காகிதப் பை ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி வந்து நின்றான். உள்ளே ஏதோ கரகரத்தது.

“சுவர்க்கோழி. நானே போய் வாங்கினேன். பல்லு நல்லாக் கறுத்துடுச்சு, காலைலயே பாத்துட்டேன். வா, வா, சீக்கிரம்!”

பூச்சி தூளில் விழுந்த மறுகணம் கம்பளி பாய்ந்தது. அவன் துள்ளிப் பின்வாங்கி அலமாரியில் முதுகை இடித்துக்கொண்டான். வலித்த இடத்தைத் தேய்த்தபடியே அவன் சிரித்த சிரிப்பில் அவளும் சேர்ந்து சிரித்தாள்.