ஒரு கிலோ பொத்தான்

சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைப்பவள் என்பதால் சந்தில் எல்லோருக்கும் அவள் பொத்தான்தான். இப்போது ஆறாம் மாதக் கர்ப்பம். போன தடவையே நர்சம்மா எடை மெஷினைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டிருந்தார்.

"துளிகூட ஏறலியே! அடுத்த மாசம் ஒரு கிலோவாவது கூடல, உன் வீட்டுக்கே வந்து மாமியார்கிட்ட பேசுவேன்."

வம்பே அங்கேதான். இரண்டாம் கரண்டிச் சோற்றுக்கே மாமியார் தட்டை மறிப்பாள். "போதும்மா, புள்ள பெருத்துட்டா பிரசவம் கஷ்டம்." மற்றபடி தங்கமான மனுஷி. எதிர்த்துப் பேச பொத்தானுக்கு வாய் வரவில்லை.

யாருடைய மனமும் கோணாமல் ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பெனி மேஸ்திரியிடம் சொல்லி ஒரு கிலோ பொத்தானை வாங்கி, துணிப்பையில் கட்டி மடிக்குள் செருகிக்கொண்டாள். எடை பார்க்கப் போகும் அன்றைக்கென்று மாமியாரும் துணைக்குக் கிளம்பிவிட்டாள்.

எடை பார்த்த நர்சம்மாவுக்கு வாயெல்லாம் பல். "படு, வயித்த அளக்கலாம்."

கட்டிலில் ஏறும்போது முடிச்சு அவிழ்ந்தது. சடசடவென்று பொத்தான்கள் கொட்டி, அறையைத் தாண்டி வராந்தா வரை உருண்டோடின. பெஞ்சில் ஏழு பேர் இருந்தும் குனிய ஒரு ஆள் இல்லை, ஏழும் பிள்ளைத்தாய்ச்சிகள். சிரிக்க மட்டும் முடிந்தது.

கடைசியில் நர்சம்மாவும் மாமியாரும்தான் மண்டி போட்டார்கள்.

"நீங்க எத்தன பெத்தீங்க?" பெஞ்சுக்கடியிலிருந்து நர்சம்மா கேட்டார்.

"ஒண்ணுதான். ரெண்டு நாள் வலி. செத்துப் பொழச்சேன். இவளுக்கு அது வேணாம்மா."

நர்சம்மாவின் சிரிப்பு நின்றது. "அப்போ நல்லா சாப்பிட்டீங்களா?"

"எங்க? அர வயிறுதான்."

"அர வயித்தோட ரெண்டு நாள் தாங்கியிருக்கீங்க! இவளுக்காவது தெம்பு வேணாமா? தாய் சாப்பிடலன்னா புள்ள நோஞ்சானா பொறக்கும். பெருத்துடுமோன்னு பாக்கத்தான் நாங்க மாசாமாசம் அளக்குறோம்."

மாமியார் கைநிறையப் பொத்தானோடு மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். "பசிக்குதுன்னு சொல்ல மாட்டியாடி?"

"நீங்க எங்க அத்தை பேச விட்டீங்க?"

மறுநாள் முதல் மதிய மணி அடித்ததும் மாமியார் தூக்குவாளியோடு கம்பெனி வாசலில் நின்றாள். கடைசி வாய் முட்டை இறங்கும்வரை நகர மாட்டாள். தையல் வரிசையே வேடிக்கை பார்த்தது.

"அத்தை, மானம் போகுது."

"போனா போகட்டும். முட்டைய முழுங்கு."

பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் எடுத்த வலி மதியத்தோடு முடிந்தது. "அதுக்குள்ளயா? நெஜமாவா?" என்று பிரசவ அறை வாசலில் நின்றபடி மாமியார் நர்சம்மாவை மூன்று தடவை கேட்டாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள்.