தெருவில் போகும் என் குரல்

...நான் இங்கே வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்கிறேன், அங்கே தெருமுனையில் ஆட்டோ ஸ்பீக்கரில் நானே பேசிக்கொண்டு வருகிறேன், ஒதியம்பட்டில் வேறு யாருக்கு இந்தக் கொடுப்பினை, காதுகுத்து, கூழ் ஊற்றுவது, புடவைக்கடைத் தள்ளுபடி, சாவு, எதுவானாலும் வில்லியனூர் பக்கம் இந்த ஜெயசித்ராவின் குரல்தான், முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறிப் புகழேந்தியின் ஒலிப்பதிவுக் கடைக்குப் போகவேண்டும், இப்போது கம்ப்யூட்டர் என் குரலைக் கற்றுக்கொண்டுவிட்டது, எழுதிப் போட்டால் போதும், நான் பேசிவிடுவேன், என் பங்கு வீடு தேடி வந்துவிடும்... "கொரலக் குடுத்துட்டு நீ இன்னாடி பண்ணப்போற" என்று என் வீட்டுக்காரர் கேட்டார், மீன் ஆய்வேன் என்றேன். பயப்படுகிற ஆள் நானில்லை, கேசட் போனபோதும் நான் இருந்தேன், பென்டிரைவ் போனாலும் இருப்பேன். என்னமாய்ப் பேசுகிறது பாருங்கள், சளி இல்லை, இருமல் இல்லை, எனக்கே பொறாமையாக இருக்கிறது.

சாவு அறிவிப்பா? யார்... "விவசாயி மணவாளன் அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார்", அய்யோ, மணவாளன் மாமாவா, போன வாரம் கூட ரேஷன் கடையில் என்னைக் கிண்டல் செய்துவிட்டுப் போனாரே... மகன்கள் பெயர், மருமகள்கள், பேரன்கள், இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணியளவில்... அவ்வளவுதானா? செல்வகுமாரி எங்கே? அவர் பெற்ற ஒரே பெண், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், பாகூரில் கட்டிக்கொடுத்தார்களே. சாவு வீட்டில் எழுதித் தருகிறவர்கள் எப்போதும் இப்படித்தான், மகன்களோடு நிறுத்திக்கொள்வார்கள், மறந்தார்களோ மறைத்தார்களோ, அதனால்தான் மைக் முன்னால் உட்கார்ந்ததும் "பொண்ணு யாரும் இல்லையாப்பா" என்று கேட்பேன், போன் போட்டு விசாரித்துப் பெயரைச் சேர்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன்... கம்ப்யூட்டருக்கு அப்படிக் கேட்கத் தெரியாதே, குரலைக் கொடுத்த நான் அந்தக் கேள்வியைக் கொடுக்கவில்லையே. அப்பா முகத்தைப் பார்க்க அலறியடித்து வருகிறவள் காதில் இது விழுந்தால், ஜெயசித்ராவும் என்னை விட்டுவிட்டாளே என்றுதானே நினைப்பாள்.

மீன் கையோடு ஓடிப்போய் ஆட்டோவை மறித்தேன். "நிறுத்துடா ஆண்டனி." அவன் விழிக்கிறான். "இன்னாக்கா, நீதான பேசிக்கினு இருக்கற." அதை அமத்துடா, மைக்கக் குடு என்று வாங்கி, "மகள் செல்வகுமாரி, மருமகன் மணிபாரதி" என்று சொன்னேன், ஓடிவந்த இளைப்பு, தொண்டையில் சளி வேறு, ஆனாலும் சொன்னேன், படுதாவை விலக்கிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன், எல்லாத் தெருவுக்கும் நானும் வரேன், ஓட்டு. இனி சாவு என்றால் எழுதினது முதலில் என் கைக்கு வரவேண்டும், அப்புறம்தான் மிஷினுக்கு, புகழேந்தியிடம் சொல்லிவிடுவேன், கேட்டுத்தான் ஆகவேண்டும், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்... அடுத்த தெருவிலும் மிஷின் பேசி முடித்ததும் நான் சேர்த்துச் சொன்னேன். குழாயடியில் கனகாம்பாள் அக்கா குடத்தோடு நின்று ஆண்டனியைக் கேட்கிறாள், "ஏம்பா, ஜெயசித்ரா நல்லாத்தான பேசிக்கினு வந்தா, கடைசில எவளோ பூந்து கத்துறாளே, யாரு அவ?" நான்தாங்கா என்று மைக்கிலேயே சொன்னேன், அவள் நம்பின மாதிரி தெரியவில்லை...