சம்பந்தியம்மாளின் முழங்கை

செயற்கைப் பல் செய்வது அவள் தொழில். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்டவளுக்கு, தான் அடிக்கும் கோல்ஃப் பந்து ஏன் வலப்பக்கமாகவே வளைந்து போகிறது என்பது மட்டும் ஆறு மாதமாகப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை காலைகளில் சம்பந்தியம்மாளோடு பயிற்சித் திடலுக்குப் போவாள். மகளின் மாமியார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்துக்காரர். பந்து எந்தத் திக்கில் போனாலும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வார்கள்.

ஒருநாள் பயிற்சியாளர் இருவரையும் பின்னாலிருந்து வீடியோ எடுத்து, குறிப்போடு அவரவர் போனுக்கு அனுப்பினார். மட்டையைத் தூக்கும்போது வலது முழங்கை உடம்பைவிட்டு விலகுகிறது என்று அவளுக்கு வந்திருந்தது. வீடியோவில் முதுகும் தொப்பியும் சாம்பல் நிறச் சட்டையும்தான் தெரிந்தன. இப்படியா தோளைச் சரித்துக்கொண்டு நிற்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டு வாரம் அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு, கூடத்தில் குடையை வீசிப் பழகினாள். இறக்கையைக் கட்டிப்போட்ட கோழி மாதிரி இருப்பதாகக் கணவர் சொன்னார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த முறை திடலில் பந்து இடப்பக்கமாகத் தரையோடு உருண்டது. பத்துப் பந்தும் அப்படியே. பக்கத்தில் சம்பந்தியம்மாளின் பந்துகளோ நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. லேசாக வயிறும் எரிந்தது.

மறுநாள் மகள் வந்தபோது வீடியோவைக் காட்டிப் புலம்பினாள். மகள் ஒரு தடவைதான் பார்த்தாள்.

"அம்மா, இது நீ இல்ல. அத்தை."

"நல்லாப் பாரு. சட்டை என்னோடது."

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி நான்தானே வாங்கிக் குடுத்தேன்? கடைசில திரும்பறப்ப இடது கால இழுக்கறாங்க பாரு. அத்தை நடையே அப்படித்தான்."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் மகளுக்கு அந்த நடை அவ்வளவு பழகியிருந்தது. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் அவள் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

பயிற்சியாளரிடம் கேட்டபோது வீடியோக்கள் மாறிப்போனதை ஒப்புக்கொண்டார். அவளுடைய முழங்கையில் குறையே இல்லையாம். மட்டையைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிப்பதுதான் குறையாம். அந்தக் குறிப்பு சம்பந்தியம்மாளுக்குப் போயிருந்தது.

சம்பந்தியம்மாளிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் மட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பிடியத் தளர்த்தினதிலேர்ந்து எனக்கு நல்லாப் போகுதுங்க. உங்க தப்பத் திருத்தியே நான் தேறிட்டேன். இனி என் தப்ப வேற திருத்தணுமா?"

பயிற்சியாளரோ, சம்பந்தியம்மாளின் பந்து நேராகப் போகிறவரை போகட்டும் என்றார். அவளிடம் மட்டும் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு முழங்கையை அது பாட்டுக்கு விடச் சொன்னார். அது முன்பு எப்படி இருந்தது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஒட்டிப் பார்த்தாள், விலக்கிப் பார்த்தாள். இரண்டுமே யாரோ ஒருத்தியின் கையாகத் தோன்றின.

அன்று அடித்த பந்துகள் நாலா பக்கமும் போயின. ஒன்று மட்டும் நேராக எழும்பி, தூரத்துக் கொடியைத் தாண்டி விழுந்தது.

சம்பந்தியம்மாள் தன் மட்டையைக் கீழே வைத்துவிட்டு அருகே வந்தார். "எப்படி அடிச்சீங்க?"

"அதாங்க எனக்கும் தெரியல" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை. அடுத்த பந்தை எடுத்து வைத்தாள்.