நீண்ட கலந்துரையாடலின் பின்னர்

கிழக்கலை கடலுணவு நிறுவனம் தன்னுடைய பதினெட்டு வருடத் தொழிலைத் தலைகீழாகப் புரட்டிப்போட எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு தட்டு கோழி ரோல்ஸ்கூட ஆறியிருக்காது. வேறு யாராவது சொன்னால் நம்பக் கஷ்டம்தான். ஆனால் இர்ஷானா அந்த மேசையின் ஓரத்திலேயே இருந்தவள். ஏழு வருடமாகப் பணிப்பாளர் சபையில் பேசப்படுவதைக் கூட்டறிக்கையாக எழுதுவது அவளுடைய வேலை.

அதுவரை நிறுவனத்தின் தொழில் மிக எளிமையானது. பனிச்சங்கேணியில் வாவியோரமாக ஒரு வாடி, மீன் வாங்கும் கொட்டில். மீனவர்கள் பிடித்துக்கொண்டு வரும் நண்டையும் இறாலையும் அங்கே நிறுத்து வாங்கி, ஐஸ் போட்டு, ஓட்டமாவடித் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். அங்கே தரம் பிரித்துப் பெட்டியில் அடைத்தால் சரக்கு கப்பலேறும். யாரும் இதனால் மாளிகை கட்டவில்லை. ஆனால் ஒரு வருடமும் கையைச் சுட்டுக்கொண்டதில்லை.

தலைவர் முனாப் ஹாஜியார் ஒரு கண்காட்சிக்காக வியட்நாமுக்குப் போய் ஒரு கிழமை நின்றுவிட்டு வந்தார். வரும்போது ஃபோன் நிறைய இறால் குளங்களின் படங்கள். கலியாண வீட்டிலும் காட்டினார், பள்ளிவாசல் வாசலிலும் காட்டினார், தேத்தண்ணி கொண்டுபோய் வைத்த இர்ஷானாவுக்கும் காட்டினார்.

"பாருங்க, ஒரு குளத்துல இவ்வளவு! நம்மட ஆட்கள் வருஷம் முழுக்க வலை வீசினாலும் இது வருமா?"

ஆக, முடிவு திரும்பி வந்த விமானத்திலேயே பிறந்துவிட்டது. அதற்கு ஒரு சட்டை தைத்துப் போடுவதுதான் பாக்கி. அதற்காகக் கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். கூரான சப்பாத்து போட்ட இளைஞர். இரண்டே நாள் வந்து நின்றார். அதில் ஒரு நாள் பாசிக்குடாக் கடலில் குளித்தார். பிறகு எண்பது பக்க அறிக்கை அனுப்பினார். நிறுவனத்துக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றனவாம். முதலாவது, சொந்தமாக இறால் பண்ணை அமைப்பது. இரண்டாவது, நிறுவனத்தையே மூடிவிடுவது. மூன்றாவது, இப்போது போலவே தொடர்வது. மூன்றாவதற்கு மேலே மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பலின் படம் ஒன்றைப் போட்டிருந்தார்.

அந்த அறிக்கையை முழுவதும் வாசித்த ஒரே ஆள் இர்ஷானாதான். ஃபோட்டோகொப்பி எடுக்கும்போது நின்ற நிலையிலேயே வாசித்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில், 'மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களின் நலன் பேணப்படும்' என்று இருந்தது. வேறெங்கோ ஒரு தேயிலைக் கம்பனிக்குத் தைத்த சட்டையின் பொத்தான் அது. கொண்டுபோய் இல்ஹாமிடம் காட்டினாள். இல்ஹாம் ஹாஜியாருடைய மனைவியின் தம்பி. அவனும் ஒரு பணிப்பாளர். பண்ணைக்குப் பார்த்து வைத்திருந்த காணி அவனுடைய மாமனாருடையது.

"டைப்பிங் பிழை ராத்தா. அதையெல்லாம் யாரு பாக்கிற?" என்றான்.

உண்மைதான். யாரும் பார்க்கவில்லை.

தை மாதம், பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் குளிரூட்டிய அறையில் கூட்டம் நடந்தது. ஹாஜியார், இல்ஹாம், செட்டிபாளையத்துப் பங்குதாரர் அழகரத்தினம் மூன்று பேரும்தான் சபை. அழகரத்தினத்துக்குக் கடல் தெரியும், வாவி தெரியும். ஹாஜியாரின் முகத்தைப் பார்த்துக் கதைக்கவும் தெரியும். எல்லாவற்றிலும் அந்தக் கடைசித் திறமையைத்தான் அவர் அதிகம் பாவித்தார். ஆலோசகர் சுவரில் படம் ஓட்டினார். அதில் அம்புக்குறிகள் எல்லாம் மேலே போய்க்கொண்டிருந்தன.

பனிச்சங்கேணி வாடிப் பொறுப்பாளர் திவாகரனின் பெயரை நிகழ்ச்சி நிரலில் சேர்த்தது இர்ஷானா. பன்னிரண்டு வருடமாக வாவித் தண்ணீரின் உப்பையும் உயரத்தையும் மாதாமாதம் அளந்து ஒரு கொப்பியில் எழுதிவந்த ஆள். அந்தக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் இரண்டு மணித்தியாலம் இருந்தார். உள்ளே கூப்பிட்டபோது ரோல்ஸ் வந்துவிட்டது.

"சொல்லுங்க திவாகரன். காணி எப்படி?" என்று வாயில் ரோல்ஸை வைத்துக்கொண்டே கேட்டார் ஹாஜியார்.

"காணி நல்லம்தான் சேர். ஆனா அது தாழ்ந்த பக்கம். கார்த்திகையில ஆறு பெருகினா தண்ணி முதல்ல ஏறுறது அங்கதான். பன்னிரண்டு வருஷத்துல எட்டு வருஷம் ஏறியிரிக்கு. இஞ்ச எழுதியிரிக்கன், பாருங்க." கொப்பியைத் திறந்து நீட்டினார்.

யாரும் கை நீட்டவில்லை.

"வரம்ப உயத்திக் கட்டுவம்," என்றான் இல்ஹாம்.

"எவ்வளவு உயரம் சேர்?"

"அது இஞ்சினியர் பாப்பாரு."

"எந்த இஞ்சினியர்?"

ஆலோசகர் சிரித்தார். "மாற்றம் வரும்போது களத்தில் நிற்பவர்களுக்குப் பயம் வருவது இயல்பு. அதையும் அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறேன்."

"எனக்குப் பயமில்ல," என்றார் திவாகரன். "தண்ணிக்குக் கண் தெரியா எண்டுதான் சொல்றன்."

ஹாஜியார் கையைத் துடைத்தார். "எல்லாத்துக்கும் ஏலா ஏலா எண்டா எப்படித் திவாகரன்? கொஞ்சம் நல்ல மாதிரிக் கதைங்க. சரி, போயிட்டு வாங்க. சாப்பிட்டுப் போங்க."

கதவு மூடியதும் ஹாஜியார் இரண்டு பக்கமும் பார்த்தார். "யாருக்கும் மறுப்பு இரிக்கா?" இல்ஹாம் இல்லை என்று தலையாட்டினான். அழகரத்தினம் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டு, "ஹாஜியார் சொன்னாச் சரிதானே," என்றார். அவ்வளவுதான். பனிச்சங்கேணி வாடி மூடப்படும், பணம் முழுவதும் பண்ணைக்குப் போகும்.

திவாகரன் சொன்னதை இர்ஷானா கூட்டறிக்கையில் ஒரு பந்தியாக எழுதினாள். இல்ஹாம் சிவப்புப் பேனையால் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, 'நீண்ட கலந்துரையாடலின் பின்னர் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தான். அதை அவள் அப்படியே டைப் செய்தாள். விரல் கொஞ்சம் தயங்கியது என்றாலும் டைப் செய்தாள். ஏழு வருடத்தில் இப்படி எத்தனை நீண்ட கலந்துரையாடல்களை அவளே பெற்றுப் போட்டிருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தாள்.

வாடியை மூடினார்கள். திவாகரனுக்கு ஒரு கடிதமும் ஒரு மேசை மணிக்கூடும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் வீட்டில் படுத்துவிடவில்லை. மீனவர் சங்கத்தோடு பேசி அதே கொட்டிலை வாடகைக்கு எடுத்து, அதே தராசைத் துடைத்து வைத்தார். ஆடியில் குளம் வெட்டினார்கள். புரட்டாசியில் வனாமி இறால் குஞ்சு விட்டார்கள். டிசம்பர் நத்தாருக்கு அறுவடை என்று ஆலோசகரின் படத்தில் இருந்தது. வரம்பை எவ்வளவு உயர்த்துவது என்று பார்க்க வேண்டிய இஞ்சினியர் கடைசிவரைக்கும் பிறக்கவில்லை.

கார்த்திகை மாதக் கடைசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் இர்ஷானா தலைவரோடு பண்ணைக்குப் போனாள். போனாள் என்பதும் சரியில்லை, பாதையில் பாதித் தூரத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குளமுமில்லை, வரம்புமில்லை. காற்றூட்டி இயந்திரங்களின் தலைகள் மட்டும் ஒன்றிரண்டு வெளியே தெரிந்தன. இறால் எல்லாம் வாவிக்குப் போய்விட்டது.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் பனிச்சங்கேணியில் திருவிழாதான். வீச்சுவலை எடுத்தவன் எல்லாம் வெள்ளை வெளேரென்று வனாமி அள்ளினான். பெண்கள் வாளியோடு இறங்கினார்கள். ஹாஜியார் ஊட்டி வளர்த்த இறால், திவாகரனின் தராசில் ஏறி, ஏறாவூர் வியாபாரிகளின் ரெஜிபோம் மீன்பெட்டிகளுக்குள் இறங்கியது. ஓட்டமாவடியில் தொழிற்சாலை சும்மா கிடந்தது. ஐஸ் இயந்திரம் மட்டும், நிறுத்தச் சொல்ல யாருமில்லாததால், ஐஸைக் கக்கிக்கொண்டே இருந்தது.

மார்கழியில் மறுபடியும் சபை கூடியது. ஹோட்டலில் அல்ல, தொழிற்சாலை மாடியில். ரோல்ஸும் இல்லை.

"கடன் தந்த வங்கிக்கு ஒரு காரணம் குடுக்கணும்," என்றான் இல்ஹாம். "ராத்தா, தை மாசக் கூட்டறிக்கைய எடுங்க. அதுல ஒரு வரி சேக்கணும். 'பனிச்சங்கேணிப் பொறுப்பாளர் திவாகரன் அளித்த தவறான தகவலின் அடிப்படையில்' எண்டு."

இர்ஷானா எழவில்லை. "அவர் குடுத்த தகவல் தவறில்லயே. நீங்கதான் அதுக்கு மேலால கோடு இழுத்தீங்க."

"அந்தக் கதை இப்ப எதுக்கு? எழுதுங்க."

"எழுத மாட்டன்."

அழகரத்தினம் கூரையைப் பார்த்தார். ஹாஜியார் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

"நீங்க எழுதாட்டி வேற ஆள் எழுதும்," என்றான் இல்ஹாம்.

"எழுதட்டும். கையெழுத்தும் அவரே வைக்கட்டும். வங்கிக்காரன் கேட்டா, நீங்க கோடு போட்ட கடதாசி என்ட அலுமாரியில இரிக்கி. அதையும் அவனுக்குக் காட்டுவன்."

தன் குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஹாஜியார் பெருமூச்சு விட்டார். "விடு மச்சான். இயற்கை அனர்த்தம் எண்டு எழுதட்டும். அடுத்த விசயத்துக்கு வாங்க."

அடுத்த விசயம், இந்தத் தோல்வி எப்படி நடந்தது என்று ஆராய ஓர் ஆலோசகரை நியமிப்பது. யாரை என்று பெரிதாக யோசிக்கவில்லை. பழைய ஆளுக்கே நிறுவனத்தின் நிலைமை நன்றாகத் தெரியும் என்றார் அழகரத்தினம். கடற்பாசி வளர்ப்பில் நல்ல எதிர்காலம் இருப்பதாக அந்த ஆலோசகர் ஏற்கெனவே ஹாஜியாருக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாராம்.

அந்த நேரத்தில்தான் இர்ஷானாவின் ஃபோன் அடித்தது. திவாகரன். அவள் எழுந்து யன்னலருகே போனாள்.

"மிஸ், உங்கட ஐஸ் சும்மா கிடக்காம். இஞ்ச இறால் குவிஞ்சு கிடக்கு, பின்னேரத்துக்குள்ள ஐஸ் போடாட்டிப் பழுதாப் போயிரும். காசு கையில தாறன். கேட்டுச் சொல்லுங்களன்."

அவள் மேசைக்குத் திரும்பி வந்து அதை அப்படியே சொன்னாள். கீழே கரைந்து வடிகானுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஐஸ். வாங்குபவன் காசோடு நிற்கிறான். கம்பனி லொறியும் வாசலில் நிற்கிறது. ஆம் என்று ஒரு சொல் போதும்.

ஹாஜியார் இல்ஹாமைப் பார்த்தார். இல்ஹாம் ஃபோனைப் பார்த்தான். அழகரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"திவாகரன் இப்ப நமக்குப் போட்டிக்காரன் இல்லயா?" என்றான் இல்ஹாம். "இது கொள்கை சம்பந்தமான விசயம். யோசிச்சுத்தான் செய்யணும்."

"ஓம், அவசரப்படக் கூடா," என்றார் ஹாஜியார். "அடுத்த கூட்டத்தில எடுப்பம்."

இர்ஷானாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை, சத்தமாகவே சிரித்தாள். பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் நின்று திவாகரனை அழைத்து, வாழைச்சேனையில் ஐஸ் விற்கும் ஒருவருடைய நம்பரைக் கொடுத்தாள்.

அரை மணித்தியாலத்தில் பனிச்சங்கேணிக்கு ஐஸ் போய்விட்டது. இர்ஷானாவின் விலகல் கடிதம் மறுநாள் போனது. அதை ஏற்பதா இல்லையா என்று சபை இன்னும் முடிவெடுக்கவில்லை.