ரோலா பஸ் விட்ட மேயர்

சார்ஜாவைத் தாண்டி சஜாவில் இருக்கிற அந்த லேபர் கேம்ப்பில் ஆள் தொகையைப் பார்த்தால், நம் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றை அப்படியே தூக்கி மணலில் இறக்கிவிட்டார்களோ என்று தோன்றும். வங்காளி, பாகிஸ்தானி, மலையாளி, நேபாளி, நம்மவர் என்று எல்லாரும் உண்டு. பெண்வாசனைதான் கிடையாது. அந்த ஊருக்கு மேயர் பாண்டித்துரை.

மேயர் என்பது கேம்ப் வைத்த பெயர். கம்பெனி வைத்தது தொழிலாளர் நலக் கமிட்டித் தலைவர் என்ற நீளமான பெயர். வெளிநாட்டிலிருந்து வருகிற ஆய்வாளர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும் அல்லவா, அதற்காக வருஷத்துக்கு ஒரு தேர்தல். சாப்பாட்டு ஹாலில் ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு சீட்டு. சொந்த ஊர் ஓட்டுக்கு லீவு கிடைக்காத அத்தனை பேரும் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இந்தப் பெட்டியில் போட்டார்கள். அதைப் பார்த்தவனுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

முதல் தேர்தலில் அவனவன் பாஷைக்காரனுக்கு அவனவன் போட்டான். ஜெயித்தவனை, பாஷைக்கு ஒன்றாக இருந்த மற்ற பிளாக்குகள் சட்டை செய்யவில்லை. அடுத்த தேர்தலில்தான் பாண்டித்துரை நின்றான். முதுகுளத்தூர்ப் பக்கம், சாரம் கட்டுகிறவர்களுக்கு ஃபோர்மேன். ஊரில் எந்தக் கட்சிக் கொடியையும் தொட்டதில்லை.

“எனக்குக் கட்சியும் கெடையாது, பாஷையும் கெடையாது. எல்லா பிளாக்கும் எனக்கு ஒண்ணுதேன்” என்று தமிழிலும், அதையே தனக்குத் தெரிந்த இந்தியிலும் சொன்னான். “இன்னொண்ணு. ‘பாக்கலாம்’கிற பேச்சு என் வாயில வராது. முடிஞ்சா முடியும்பேன். முடியலேன்னா மூஞ்சிக்கு நேரா முடியாதும்பேன்.”

குடிதண்ணீர்க் குழாய்க்காக அலைந்து, ஒவ்வொரு ஆபீசிலும் ‘பாக்கலாம்’ வாங்கிக்கொண்டு திரும்பியே அவன் அப்பாவின் ஆயுசு போயிருந்தது. அந்தக் கடுப்பு அவனுக்குள் இருந்தது. அதுதான் ஓட்டு வாங்கிக் கொடுத்தது.

சொன்னபடி நடந்தான். ஓடாத ஏசி ஓடியது, மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடித்தார்கள். பாகிஸ்தானி பிளாக்குக்கு ரொட்டி சுட அடுப்பு வந்தது. தமிழ் பிளாக்குக்கு எதையும் முதலில் செய்துகொள்ளவில்லை. “நம்மாளு வந்தும் நமக்கு ஒரு புண்ணியமும் இல்ல” என்று நம்மவர்களே முணுமுணுத்தார்கள். அதைக் கேட்டு அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவன் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில் கார்மேகத்துக்கு. கமுதிப் பக்கத்துக்காரன். அவன் பெண்சாதி ராக்கம்மாவும் சார்ஜாவில்தான் இருந்தாள், நகரத்துக்குள் ரோலா பார்க்கை ஒட்டின ஒரு வீட்டில் வேலைக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுக்கு ரெண்டு மணி நேரம் வெளியே விடுவார்கள். கேம்ப்பிலிருந்து ரோலாவுக்கு ஞாயிறுதோறும் ஒரு கம்பெனி பஸ் இருந்தது. அதில் போய், பார்க் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு முட்டை பப்ஸை ரெண்டாகப் பிட்டுத் தின்று, டீ குடித்துவிட்டு வருவான். புருஷன் பெண்சாதி கதவைச் சாத்திக்கொண்டு பேச அந்த ஊரில் அவர்களுக்கு ஒரு இடம் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை அவன் முகம் வேறு மாதிரி இருக்கும்.

செலவைக் குறைக்கிறோம் என்று கம்பெனி அந்த பஸ்ஸை நிறுத்தியது. டாக்சிக்கு அவன் சம்பளம் எங்கே தாங்கும்? மாசக்கணக்கில் இருவரும் போனிலேயே குடும்பம் நடத்தினார்கள்.

“அவ ஊர்ல கெடந்தாக்கூட மனசத் தேத்திக்குவேண்ணே” என்றான் கார்மேகம் ஒரு நாள். “இந்தா, அரை மணி நேரத் தொலைவுல வச்சுக்கிட்டு மொகத்தப் பாக்க முடியல. பஸ்ஸ மறுபடி விட வைக்க முடியுமாண்ணே?”

பாண்டித்துரை யோசித்தான். பிறகு, “முடியும்” என்றான்.

ஹெச்.ஆர். மேனேஜர் விஜயபாஸ்கர், சென்னைக்காரர். தமிழன்தானே என்று உரிமையோடு போனால் ஆங்கிலத்தில் பேசி வெளியே அனுப்பிவிடுகிற ரகம். பாண்டித்துரை அசரவில்லை. ஆய்வாளர்கள் வருகிற வாரம் பார்த்துப் போனான். “அவுக கேட்டா நல்ல விதமாச் சொல்றேன் சார், பஸ்ஸுன்னு ஒண்ணு இருந்தா” என்றான். சார் முறைத்தார், பிறகு சிரித்தார். பஸ் வந்துவிட்டது.

நம்மவர்கள் அதோடு விடுவார்களா? ஒரு தலைவன் காரியம் ஒன்றைச் சாதித்துவிட்டால், அவனுக்குப் பொன்னாடை போர்த்தி, ஊரைச் சுற்றி அழைத்து வந்து, அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால்தான் சாதித்ததாகவே கணக்கு. முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ் கிளம்புமுன் ஊர்வலம் என்று முடிவானது. துண்டு என்ன கலர் என்பதில்தான் சண்டை. சிவப்பு ஒரு கட்சி, மஞ்சள் ஒரு கட்சி, காவி, நீலம், பச்சை என்று எந்தக் கலரை எடுத்தாலும் அதற்கு ஊரில் ஒரு கொடி இருந்தது. கட்சி இல்லாத மேயருக்குக் கட்சி இல்லாத கலர் வேண்டாமா? கடைசியில் கார்மேகம்தான், பிரிக்காத புது சேஃப்டி ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தான். வெயிலில் கண்ணைக் கூசவைக்கிற அந்த எலுமிச்சை நிறத்துக்கு உலகத்தில் எந்தக் கட்சியும் உரிமை கொண்டாட முடியாது.

கார்மேகமே அதைப் பாண்டித்துரையின் தோளில் போர்த்தினான். வங்காளிகள் பெயிண்ட் வாளியைத் தட்டினார்கள். டிரைவர் சாகிர், பெஷாவர்க்காரன், பஸ்ஸை ஊர்ந்து ஊர்ந்து நகர்த்தியபடி ஹாரனையே நாயனமாக்கினான். மேயரைப் படிக்கட்டில் நிற்கவைத்து எல்லா பிளாக்கையும் சுற்றினார்கள். “எங்கள் மேயர் வாழ்க!” என்ற கோஷத்தை நேபாளிகள்கூடத் தமிழிலேயே போட்டார்கள். பாண்டித்துரை கையை உயர்த்தி ஆட்டினான். ஊரில் தலைவர்கள் ஆட்டுவதைப் பார்த்து எத்தனை முறை எரிச்சல்பட்டிருக்கிறான்! அன்றைக்கு அந்தக் கை தானாக மேலே போயிற்று. அவன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

பஸ் ரோலாவுக்குப் போனது. கார்மேகம் திரும்பி வந்து, “அவ பப்ஸத் திங்கவே இல்லண்ணே, அழுதுக்கிட்டே இருந்தா” என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

வீடியோவுக்கு யாரோ குத்துப்பாட்டு சேர்த்து ஏற்றிவிட்டார்கள். ரெண்டு மூன்று நாளில் உலகமே பார்த்துவிட்டது. பஸ்ஸின் நெற்றியில் கம்பெனி பெயர் பளிச்சென்று தெரிந்தது.

விஜயபாஸ்கர் கதவைச் சாத்திவிட்டு வீடியோவைப் போட்டுக் காட்டினார். “இது என்ன ஊர்னு நெனச்சிட்டிருக்க நீ? பர்மிஷன் இல்லாம கூட்டம், ஊர்வலம், ஸ்லோகன். க்ளையண்ட் பாத்துட்டு, உங்க கேம்ப்ல ஸ்டிரைக்கான்னு கேக்கறான்.”

“சந்தோஷத்துல பண்ணிட்டாய்ங்க சார். நன்றி சொன்னதுதான்.”

“அதை அவன்கிட்ட யார் போய்ச் சொல்றது? வீடியோல மூஞ்சி தெரியறது நாப்பது பேர். நாப்பது பேர் விசாவையும் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்புனு மேல சொல்றாங்க. நான் தடுத்து வெச்சிருக்கேன். ஏற்பாடு பண்ணவன்னு ஒரே ஒரு பேர் குடு. அவனோட முடிச்சுடறேன்.”

“என்னையே அனுப்பிருங்க சார்.”

விஜயபாஸ்கர் சிரித்தேவிட்டார். “உன்னையா? நலக் கமிட்டிக்காக கம்பெனிக்கு அவார்ட் வந்திருக்கு, உன் போட்டோவை லாபில மாட்டியிருக்கோம். எலெக்ஷன் வெச்சு வந்தவனை அனுப்பினா எங்களுக்குத்தான் அசிங்கம். சாயந்தரத்துக்குள்ள சொல்லு. இல்லேன்னா நாப்பது.”

பாண்டித்துரை வெயிலில் நின்றான். சாகிர் பேரைச் சொல்லலாம். சொன்னால், தமிழன் எங்கள் ஆளை விற்றுவிட்டான் என்று பாகிஸ்தானி பிளாக் காறித் துப்பும். வாளி தட்டிய வங்காளியைச் சொன்னாலும் அதே கதைதான். எல்லா பிளாக்கும் ஒன்று என்று அவன் கட்டி எழுப்பின அத்தனையும் ஒரு பேரில் இடிந்துவிடும். யாரைச் சொன்னால், மேயர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டான் என்று எவனும் சொல்லமுடியாது? சொந்த ஆளைச் சொன்னால் அப்படி யாரும் சொல்லமுடியாது. ஜாக்கெட்டைப் போர்த்திய கையும் அந்தச் சொந்த ஆளின் கைதான். கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்து நின்றபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

சாயங்காலம் உள்ளே போய், “கார்மேகம்” என்றான்.

கார்மேகம் மூட்டை கட்டும்போது அழவில்லை. வீடியோவில் தன் முகம்தான் முன்னால் தெரிகிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். “நீங்க என்னண்ணே செய்வீக, உங்களால ஆனதச் செஞ்சீக. அவள மட்டும் ஒரு எட்டு போய்ப் பாத்துக்கங்க. அவ காண்ட்ராக்ட் முடியாம ஊருக்கு வர முடியாது.” உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பாண்டித்துரை வாயைத் திறந்தான். ஏர்போர்ட் வேன்காரன் “யல்லா, யல்லா” என்று கிளம்பச் சொல்லிக் கத்தினான். மூட்டையைத் தூக்கி வேனில் வைத்தான்.

அந்த வாரமே பஸ்ஸும் நின்றது. மேயரையே மைக்கில் அறிவிக்கச் சொன்னார்கள், அறிவித்தான். பேர் கொடுத்தது யார் என்பதும் கேம்ப்பில் கசிந்துவிட்டது. தன்னை அடிப்பார்கள் என்று அவன் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் அடிக்கவில்லை. சாகிர் வந்து அவனைக் கட்டிப்பிடித்து, “பாய், நீ உன் ஆள் என்றுகூடப் பார்க்கவில்லையே, நீதான் நேர்மையானவன்” என்று இந்தியில் சொன்னான். தமிழ் பிளாக்கில் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். மற்ற பிளாக்குகள் எழுந்து நின்று சலாம் வைத்தன. அடுத்த தேர்தலில் அவனை எதிர்த்து யாரும் நிற்கப்போவதில்லை என்று இப்போதே பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கைக்காசைக் கொட்டி ஒரு டாக்சியில் ரோலாவுக்குப் போனான். கார்மேகம் போனில் சொல்லிவைத்திருந்தபடி பார்க் ஓரத்தில் ராக்கம்மா நின்றிருந்தாள். போட்டோவில் பார்த்ததைவிட ஒடிசலாக இருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

“மேயரண்ணேதானே? அவுக உங்களப் பத்திப் பேசாத நாளில்ல.” பையைப் பிரித்துக் காட்டினாள். புருஷனுக்கு எடுத்துவைத்த சட்டை. “போன வாரமே குடுத்திருக்கணும். அவுகளப் பாத்த சந்தோஷத்துல மறந்துட்டேன்.”

அவன் பையை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று தள்ளவும் இல்லை. நேற்றிரவெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தான். நான்தான் பேரைக் கொடுத்தேன் தாயி. அவ்வளவுதான், ஒரே வரி.

அதற்குள் அவள் கேட்டாள். “அண்ணே, நீங்க ஆபீசுல ஒரு வார்த்தை பேசுனா அவுகளத் திரும்பக் கூப்பிட்டுக்கிருவாகளா? நின்ன பஸ்ஸையே ஓட வச்ச ஆளு நீங்க. முடியுமாண்ணே?”

முடியாது. கேன்சல் ஆனவனை அந்தக் கம்பெனி திரும்ப எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அது அவனுக்குத் தெரியும். அந்த வார்த்தையை மூஞ்சிக்கு நேராகச் சொல்லுவேன் என்றுதான் ஓட்டுக் கேட்டிருந்தான். அவள் கண் அவன் முகத்தைவிட்டு நகரவில்லை.

“பாக்கலாம்மா” என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாகப் போனை எடுத்தாள்.

“அப்ப அவுகளுக்குச் சொல்லிரவாண்ணே? மேயர் பாத்துக்கிருவாகன்னு?”

பாண்டித்துரை, “சொல்லும்மா” என்றான்.